முழுப் பேர் கேட்ட நாம் தொட்டிலில் அரைப் பேர் போடலாமா?



1984 ஏப்ரல் மாதம் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் நின்றன. அந்தப் போராட்டத்தில் வென்றெடுத்த ஒன்றை இன்றைய இளம் பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதற்கு முன் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த நாட்சம்பளம். அது கங்காணி எழுதிய கள்ளக் கணக்கல்ல. சம்பள நிர்ணய சபையே அப்படித்தான் நிர்ணயித்து வைத்திருந்தது. விடியமுன் எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு ஓடி, ஆண்கள் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகும் மலையில் நின்றவளுக்குச் சம்பளம் குறைவு. 1984இல் அது முடிவுக்கு வந்தது. செக்ரோலில் அவள் பேரும் அவன் பேரும் ஒரே விலைக்கு வந்தன.

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுப் பேர் விழுந்தால் அடுப்பு எரியும். அரைப் பேர் போட்டால் சண்டை. கொழுந்து குறைந்தது, பால் குறைந்தது என்று அரைப் பேர் போட்ட கணக்கப்பிள்ளையை மடுவத்திலேயே மறித்துக் கேள்வி கேட்கும் பெண்கள் நம் பெண்கள். ஆனால் அதே பெண்ணுக்கு ஒரு பெண் பிள்ளை பிறக்கும்போது, அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்குள் அரைப் பேர் விழுகிறது. அதைப் போடுவது துரை இல்லை. நம் சொந்தக்காரர்கள்தான். அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வருகிறோம்.

ஆறுதல் எதற்கு?

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வருகிறது. ஆண் பிள்ளை என்றால் தொங்கல் காம்பரா வரைக்கும் இனிப்பு போகிறது. தாத்தா மீசையைத் தடவிக்கொள்கிறார். அப்பனுக்கு அன்றைக்குத் தனி மரியாதை. பெண் பிள்ளை என்றால்? "பரவால்ல, மகாலட்சுமி பொறந்திருக்கு" என்கிறார்கள். கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் 'பரவாயில்லை' என்பது எந்த வீட்டில் சொல்லும் வார்த்தை? பானை உடைந்த வீட்டில், பணம் தொலைந்த வீட்டில் சொல்லும் வார்த்தை. பிள்ளை பிறந்த வீட்டில் ஆறுதல் எதற்கு?

இன்னொரு பேச்சும் உண்டு. "மொதப் புள்ள பொண்ணா இருந்தா நல்லதுதான், பின்னால வர்ற தம்பிய பாத்துக்கும்." கண் திறக்காத பிள்ளைக்கு அங்கேயே வேலை போட்டாயிற்று. அதற்குச் சம்பளமும் இல்லை, சங்கமும் இல்லை. பாடசாலையில் நிற்கும் எங்களுக்கு அந்த வேலையின் முடிவு நன்றாகத் தெரியும். பிள்ளைக் காம்பரா மூடிக்கிடக்கும் நாளில் வகுப்புக்கு வராமல் போவது ஐந்தாம் வகுப்புத் தம்பி இல்லை, ஏழாம் வகுப்பு அக்கா. வரவு இடாப்பைப் பார்த்தால் தெரியும். தொட்டிலில் விழுந்த அரைப் பேர் ஏழாம் வகுப்பில் அரை நாள் வரவாக வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த பெண்கள் இருக்கிறார்கள். 'வேண்டாம்' என்றே பெயர் வைத்த ஊர்களும் உண்டு. அப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போதெல்லாம் "நீ வேண்டாம்" என்று கேட்டு வளரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நம் தோட்டங்களில் பெண் பிள்ளைகளுக்கு நல்ல பெயர்தான் வைக்கிறார்கள். ஆனால் நல்ல பெயரை வைத்துவிட்டு, மனதுக்குள் 'போதும்' என்று சொன்னால் பிள்ளைக்கு அது புரியாமல் போகாது.

இதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது எப்போதும் தாய்தான். "அவ வயித்துல பொட்டப்புள்ளதான் தங்கும்" என்று ஒரு தீர்ப்பு. இதைச் சொல்பவர்கள் தங்கள் வீட்டில் சாதாரண தரம் படிக்கும் பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தைக் கொஞ்சம் திறந்து பார்க்கட்டும். தாயின் முட்டையில் வருவது எக்ஸ் நிறமூர்த்தம் மட்டும். தகப்பனின் விந்தில் எக்ஸும் வரும், வையும் வரும். எக்ஸ் சேர்ந்தால் பெண், வை சேர்ந்தால் ஆண். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வருவது. அதுவும் அவன் கையில் இல்லை. ஒருவர் மேலும் குற்றம் இல்லாத விஷயத்துக்கு ஒருத்தி மட்டும் எத்தனை வருஷம் தலை குனிந்து நிற்பது?

இந்தப் பேச்சுக்கு ஒரு விலை உண்டு. இரண்டு பெண் பிள்ளைகளோடு நிறுத்த நினைத்தவளை, "மூணாவது கட்டாயம் சிங்கக்குட்டிதான்" என்று தள்ளுகிறார்கள். அவளுக்கு மூன்றாவது பிரசவம். ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு. சட்டமும் நீண்டகாலம் அவளைத்தான் தண்டித்தது. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 12 வாரம் லீவு இருந்தபோது, மூன்றாவது பிள்ளைக்கு 6 வாரம்தான் என்று இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆனது. ஆண் வாரிசு வேண்டும் என்று கேட்டது குடும்பம். பாதி லீவோடு மட்டக்கத்தியையும் கூடையையும் திரும்பத் தூக்கியது அவள். இந்தக் கணக்கை எந்தப் பெரியவரும் இதுவரை கூட்டிப் பார்த்ததில்லை.

முப்பது நாள்: தீட்டா, லீவா?

பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் தீட்டு என்பது நம் வழக்கம். அவள் அடுப்படிக்கு வரக்கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, சாமி விளக்குப் பக்கம் போகக்கூடாது. முப்பதாம் நாள் வீட்டைக் கழுவி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பிள்ளைக்குப் பெயர் வைத்து, தொட்டிலில் போட்டால் தீட்டுக் கழிந்தது.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நாங்கள் தயாரில்லை. முப்பது நாள் அவளைச் சமைக்க விடாமல், சுமக்க விடாமல், மருந்து இடித்துக் கொடுத்து, வெந்நீர் வைத்து உடம்புக்கு ஊற்றி, பக்கத்தில் ஒரு கிழவியை உட்கார வைத்து யார் அவளைக் காப்பாற்றினார்கள்? லீவுச் சட்டம் ஒன்றும் இல்லாத காலத்தில் நம் பாட்டிகள் போட்ட லீவுச் சட்டம் அது. கங்காணி வந்து கதவைத் தட்டினால், "தீட்டு வீடு, உள்ள வராத" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்ப அவர்களிடம் இருந்த ஆயுதம் அது. பிறகு வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டமும் பிரசவத்துக்குப் பின் முதல் நான்கு வாரம் ஒரு பெண்ணை வேலையில் வைக்கவே கூடாது என்றது. நான்கு வாரம் என்றால் 28 நாள். பாட்டி சொன்னது 30 நாள். சட்டம் எழுதியவர்களைவிட நம் பாட்டிகள் இரண்டு நாள் தாராளம்.

அப்படியானால் எதை விட வேண்டும்? 'தீட்டு' என்ற சொல்லை விட வேண்டும். ஓய்வு அவளுக்கு உரியது என்பதால் அவளுக்கு ஓய்வு கொடுப்பது ஒன்று. அவள் அசுத்தம் என்பதால் ஒதுக்கி வைப்பது வேறொன்று. முதலாவதில் அவளுக்கு உரிமை இருக்கிறது. இரண்டாவதில் உரிமை மற்றவர்களுக்குத்தான். உரிமை என்றால் அவள் கேட்டு வாங்கலாம்; தீட்டு என்றால் கொடுக்கிற இடத்தில் கிடக்க வேண்டும்.

ஊரில் தனியறை இருந்த வீடுகளிலிருந்து வந்த வழக்கம் இது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தனியறைக்கு எங்கே போவது? சில வீடுகளில் பெற்றவளையும் பச்சைப் பிள்ளையையும் இஸ்தோப்பில் ஒரு படங்கை மறைத்துப் படுக்க வைக்கிறார்கள். நாவுல பக்கத்துக் காற்றும், மாரி காலத்துச் சாரலும் அந்தப் படங்கைக் கேட்டுக்கொண்டா வரும்? தனித் தட்டு, தனிக் கோப்பை, தொட்டவர்கள் குளிக்க வேண்டும் என்ற சட்டம். பால் சுரக்க நன்றாகச் சாப்பிட வேண்டிய நேரத்தில் பத்தியம் என்று சொல்லி முட்டையும் மீனும் கீரையும் பழமும் நிறுத்தப்படுகின்றன. அவள் தட்டில் குறைந்தது அவள் உடம்பிலிருந்துதான் ஈடாகிறது.

இன்னொன்று. இந்தத் தீட்டில் மிக வசதியாக இருப்பவன் தகப்பன். "தீட்டு, நான் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டால் துணி அலச வேண்டாம், இரவில் எழும்ப வேண்டாம், பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்ட வேண்டாம். பிள்ளையை உண்டாக்கும்போது இல்லாத தீட்டு, அதன் துணியை அலசும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது, அண்ணன்மாரே?

ஆகவே நாம் சொல்வது இதுதான். முப்பது நாள் இருக்கட்டும். மருந்து இருக்கட்டும், வெந்நீர் இருக்கட்டும், முப்பதாம் நாள் தொட்டிலும் இருக்கட்டும். அந்த நாட்களின் பேரை மட்டும் மாற்றுவோம். அது தீட்டு இல்லை, தாயின் ஓய்வு. ஓய்வில் இருப்பவள் சுவர் ஓரத்தில் கிடக்க வேண்டியதில்லை. வீட்டில் காற்றும் வெளிச்சமும் உள்ள நல்ல இடத்தில் படுக்க வேண்டியவள்.

பிள்ளையின் வாய்க்கு யார் பொறுப்பு?

பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணியோ தேனோ தொட்டு வைப்பது ஒரு வழக்கம். சேனை வைப்பது என்பார்கள். தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நல்ல மனுஷராகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். ஆசீர்வாதத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பாலும், அதிலிருந்து ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பதும் இன்று உலகம் முழுக்க வைத்தியர்கள் சொல்லும் விஷயம். தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் நரம்பைத் தாக்கும். அதனால் ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. மஞ்சளாக வருகிறது, பழைய பால் என்று சீம்பாலைப் பிழிந்து ஊற்றும் வீடுகள் இன்னும் இருந்தால், பிள்ளையின் முதல் தடுப்பு மருந்தை அந்த வீடு மண்ணில் ஊற்றுகிறது. ஜன்னல் இல்லாத காம்பராவில் விறகு அடுப்புப் புகையோடு சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால், அந்தச் சின்ன நெஞ்சு எதை மூச்சாக இழுக்கும்?

நல்ல மனுஷரைக் கூப்பிடுங்கள். பிள்ளையின் தலையில் கை வைத்து வாழ்த்தச் சொல்லுங்கள். அந்த நல்ல மனுஷர் ஏன் எப்போதும் ஆம்பிளையாகவே, வசதியுள்ளவராகவே இருக்க வேண்டும் என்றும் ஒருமுறை யோசியுங்கள். முப்பது வருஷம் மலையில் நின்று நாலு பிள்ளையைப் படிக்க வைத்த அம்மாயியின் குணம் பிள்ளைக்கு வந்தால் ஆகாதா? முதல் ருசி மட்டும் தாயிடமிருந்தே வரட்டும். அதைவிட இனிப்பு எந்தச் சீனியிலும் இல்லை.

ஆனால் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் நலிந்து போவதற்கு நம் வழக்கங்கள்தான் காரணம் என்று எழுதிவிட்டு, நிர்வாகங்களைத் தப்ப விட நாம் தயாரில்லை. 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறங்களில் நூற்றுக்கு 32 பேர். இந்த வித்தியாசத்தைச் சீனித்தண்ணி மட்டும் கொண்டு வரவில்லை. குறைந்த சம்பளம் கொண்டு வந்தது. கர்ப்பிணித் தாயின் வெறும் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டு வந்தது. திரிபோஷா பையை ஒரு வீட்டில் ஐந்து பேர் பங்கு போட வைத்த வறுமை கொண்டு வந்தது.

பால் கொடுக்கும் தாய்க்குச் சட்டம் ஒரு உரிமையைக் கொடுத்திருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒன்பது மணி நேர வேலை நாளில் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம். அதற்காகப் பேர் குறைக்க முடியாது. மலை உச்சியில் நிற்பவளிடம் "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் கொடு" என்று போஸ்டர் ஒட்டிச் சொல்வது சுலபம். அவள் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பும் நேரத்தைச் செக்ரோலில் முழுப் பேராக எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. புட்டிப்பாலுக்குத் தாயைத் திட்டுகிறவர்கள் முதலில் அந்த இரண்டு இடைவேளையைப் பற்றிப் பேசட்டும்.

முப்பதாம் நாள் பேர், நாற்பத்திரண்டாம் நாள் பதிவு

இப்போது பெயருக்கு வருவோம். பிறப்பைப் பதிவு செய்யச் சட்டம் கொடுக்கும் காலம் 42 நாள். முப்பதாம் நாள்தான் பெயர் வைப்பது என்றால் மிச்சம் 12 நாள். அதற்குள் ஜாதகம் பார்க்க வேண்டும், எழுத்துப் பார்க்க வேண்டும், மாமனுக்கு லீவு கிடைக்க வேண்டும், சீர் வாங்கக் கடன் கிடைக்க வேண்டும். கிழமை ஓடிவிடும். மூன்று மாதம் கடந்தால் காலம் பிந்திய பதிவு. அதற்குப் பத்திரம், சாட்சி, அலைச்சல், வேலை இழந்த நாட்கள். ஆண் பிள்ளைக்கு அலைந்து முடிக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு "பொறவு பாத்துக்கலாம்" என்று விட்டால், அந்தப் 'பொறவு' எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியும். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயதில், சாதாரண தரப் பரீட்சைக்கு முன், அழுதுகொண்டு அலுவலக அறை வாசலில் வந்து நிற்கும்.

பிறப்புப் பத்திரத்தை வெறும் கடதாசி என்று நினைக்க நம் சனத்துக்கு உரிமையே இல்லை. ஏன்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் என்ன கேட்டது? உன் அப்பன் இந்த நாட்டில் பிறந்தானா? இல்லையென்றால் உன் அப்பனின் அப்பனும் அவனுடைய அப்பனும் இங்கே பிறந்தார்களா? காட்டு. காட்டக் கடதாசி இல்லாத சனம் நாடற்ற சனமானது. அந்தச் சட்டத்தில் அம்மா எங்கே? அம்மாவின் அம்மா எங்கே? பெற்றவள் எந்த மண்ணில் பிறந்தாள் என்பதைச் சட்டம் கணக்கில் எடுக்கவே இல்லை. தந்தை வழியைப் போலவே தாய் வழியிலும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை வரும் என்று சட்டம் மாறியது 2003இல்தான். ஐம்பத்தைந்து வருஷம்!

நம்மை நாடற்றவர்களாக்கிய சட்டமும், "வம்சம் ஆம்பளப்புள்ளயாலதான்" என்று சொல்லும் வீட்டுப் பேச்சும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. அப்பன் வழி மட்டும்தான் வழி என்ற கணக்கு. அந்தக் கணக்கு நம்மை என்ன பாடு படுத்தியது என்று தெரிந்த சனம், அதே கணக்கைத் தன் தொட்டிலில் வைத்துத் தாலாட்டலாமா?

நாலந்தாவில் இருக்கும் நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். நம் வாசலில் ஓடும் ஏ9 பாதைதான், மன்னாரில் இறங்கிய நம் முன்னோர் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த திசை. காட்டிலும் காய்ச்சலிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எழுதி வைக்க யாரும் இருக்கவில்லை. 2023இல், மலையகம் 200 என்று, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்த நடைபயணம் அந்தப் பேரில்லாதவர்களுக்காகத்தான். பேர் எழுதப்படாமல் செத்தவர்களுக்காக நடந்த நாம், பேர் எழுதப்படாமல் ஒரு பிள்ளையையும் வளரவிடக் கூடாது.

ஆகவே முறையை மாற்றுவோம். முப்பதாம் நாள் வீட்டில் கூப்பிடும் விழா நடக்கட்டும். ஆனால் பத்திரத்தில் எழுதும் பெயரைப் பிள்ளை பிறக்கும் முன்பே, தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. தாயின் பெயரும் தகப்பனின் பெயரும் அவரவர் அடையாள அட்டையில் உள்ளபடி ஓர் எழுத்து மாறாமல் ஒரு துண்டில் எழுதிக் கையில் கொண்டு போகட்டும். சிங்களத்தில் எழுதினால் தெரிந்தவரைக் கொண்டு வாசித்துப் பார்த்த பிறகே கையொப்பம் வைக்கட்டும்.

வழக்கத்தைத் தொடாதே என்பவர்களுக்கும், எல்லாவற்றையும் விடு என்பவர்களுக்கும்

"இது நம்ம பரம்பரை வழக்கம், இதுல சங்கம் கைவைக்கக் கூடாது" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். ஐயா, வழக்கம் மாறாமலா இருக்கிறது? உங்கள் அம்மா லயத்தில், மருத்துவச்சி கையில் உங்களைப் பெற்றார். இன்று உங்கள் பேரப்பிள்ளை மாத்தளை ஆஸ்பத்திரியிலோ தம்புள்ளை ஆஸ்பத்திரியிலோ பிறக்கிறது. கொப்பூழ்க்கொடி அறுக்கும் கத்தி மாறிவிட்டது. அது மாறியதால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கத்தி மாறலாம் என்றால் பேச்சு மாறக்கூடாதா?

மறு பக்கத்தில், கூட்டம் வைத்து, பிஸ்கட் கொடுத்து, "உங்கள் பழக்கவழக்கம் எல்லாமே பிற்போக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் பதில் இருக்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தை முழுதாகப் படியுங்கள். அதன் 24ஆம் உறுப்புரை, பிள்ளையின் உடல்நலத்துக்குக் கேடு செய்யும் பாரம்பரிய வழக்கங்களை ஒழிக்க வேண்டும் என்கிறது. அதே சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, சிறுபான்மைச் சமூகத்துப் பிள்ளை தன் பண்பாட்டையும் மதத்தையும் மொழியையும் அனுபவிக்க உரிமை உள்ளது என்கிறது. 7ஆம் உறுப்புரை பிறந்தவுடன் பதிவு வேண்டும், பெயர் வேண்டும் என்கிறது. 2ஆம் உறுப்புரை ஆண், பெண் என்று பாகுபாடு கூடாது என்கிறது. நாலும் ஒரே பிள்ளைக்குரிய உரிமைகள். தாலாட்டும் சேலைத் தொட்டிலும் மாமன் மடியும் பிள்ளையின் உரிமை. சீம்பாலும் பதிவும் சமத்துவமும் பிள்ளையின் உரிமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பிடுங்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

பெண் பிள்ளையை 'பாரம்' என்று பேசும் பேச்சு எங்கே கொண்டு போய் நிறுத்தும் என்பதற்கும் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் முன்னோரில் பலர் புறப்பட்டு வந்த சேலம் மாவட்டத்தில், 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கம் கெஞ்ச வேண்டிய நிலை. அந்தக் கொடுமை நம் தோட்டங்களின் வழக்கமில்லை. ஆனால் அந்தக் கொடுமைக்கு விதை போட்ட பேச்சு நம் லயத்திலும் கேட்கிறது. சீர், சீதனம், "வளத்து இன்னொருத்தன் வீட்டுக்கு அனுப்பணும்" என்ற அதே பேச்சு. விதையிலேயே கிள்ளுவதுதான் புத்தி.

நம் ஊர் கெடிகேயைப் பாருங்கள். மகாவலித் திட்டத்தில் போவத்தன்ன நீர்த்தேக்கம் வந்தபோது அந்தப் பழைய கற்கோயில் தண்ணீருக்குள் போகும் நிலை. அதை அப்படியே மூழ்க விடவும் இல்லை, உடைத்துப் போடவும் இல்லை. கல் கல்லாகக் கழற்றி, மேட்டுக்குக் கொண்டு வந்து, திரும்பக் கட்டினார்கள். வழக்கத்தையும் அப்படித்தான் காப்பாற்ற முடியும். பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்றால் மூழ்கிவிடும். இன்றைய பிள்ளைகள் படித்த பிள்ளைகள்; தங்களைக் குறைவாக நடத்திய வழக்கத்தை நாளை அவர்களே கைவிட்டுப் போவார்கள். அப்போது தொட்டிலும் போகும், தாலாட்டும் போகும்.

இது சங்க வேலையா?

"சம்பளம் கேக்கிற சங்கத்துக்குப் பிள்ளைப்பேத்துல என்ன வேல?" என்று ஒரு கேள்வி வரும். பிள்ளை பிறந்த 84 நாளுக்குக் காசு யார் கேட்டு வாங்குவது? பால் கொடுக்கும் இடைவேளைக்கு யார் நிற்பது? பிள்ளைக் காம்பராவின் ஓட்டைக் கூரைக்கு யார் கடிதம் எழுதுவது? அதெல்லாம் சங்க வேலை என்றால், அந்தத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு முழு மரியாதை கேட்பதும் சங்க வேலைதான். 1930களில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடிச் சனத்தைச் சேர்த்த மீனாட்சி அம்மையார், பெண்ணை வீட்டில் விட்டுவிட்டுச் சங்கம் கட்ட முடியாது என்று காட்டியவர். சந்தாக் கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் தோட்டங்களில், மேடையில் ஒரு மாதர் தலைவிக்கு நாற்காலி போட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதைச் செய்யட்டும்:

ஒன்று. பிள்ளை பிறந்த ஒவ்வொரு வீட்டுக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், தலைவரும் மாதர் தலைவியும் சேர்ந்து போகட்டும். ஒரே அளவு சீனி, ஒரே துணி, ஒரே வாழ்த்து. "பரவாயில்லை" என்ற வார்த்தை அந்த வாசலில் வேண்டாம்.

இரண்டு. மாதர் தலைவி ஒரு கொப்பி வைத்துக்கொள்ளட்டும். பிறந்த திகதி, 42ஆவது நாள் எந்தத் திகதி, பதிவு முடிந்ததா என்று மூன்றே மூன்று கோடு. முப்பதாம் நாள் விழாவுக்குப் போகும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "பதிஞ்சாச்சா?"

மூன்று. பால் கொடுக்கும் இடைவேளைக்காகப் பேர் குறைத்தால், அன்றைக்கே தலைவரிடம் சொல்லுங்கள். நாள் போனால் கணக்கு மறந்து போகும்.

நான்கு. தகப்பனுக்கும் லீவு கேட்போம். அரசாங்க உத்தியோகத்தருக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று நாள் தகப்பன் லீவு உண்டு. தோட்டத் தொழிலாளியும் தகப்பன்தான். மூன்று முழுப் பேர் போட வேண்டும் என்று அடுத்த பேச்சுவார்த்தையில் கோரிக்கையாக வைக்க வேண்டும். ஆனால் அண்ணன்மாரே, அந்த மூன்று நாள் தவறணைக்குப் போவதற்கல்ல. துணி அலசுவதற்கும், வெந்நீர் வைப்பதற்கும், பதிவுக்குப் போவதற்கும். அதைச் செய்யத் தயார் என்றால் மட்டும் கை தூக்குங்கள்.

ஐந்து. மூன்றாவதாக ஆண் வேண்டும் என்று ஒரு பெண்ணை எந்த வீட்டிலாவது நெருக்கினால், அது குடும்ப விஷயம் என்று ஒதுங்க வேண்டாம். அவள் உடம்பு அவளுடையது. எத்தனை பிள்ளை, எப்போது என்பது அவள் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை. மாமியார் வாயிலிருந்தும் இல்லை, நிர்வாகத்தின் வாயிலிருந்தும் இல்லை.

இவற்றில் ஐந்தில் நான்கை நாளைக் காலையிலேயே தொடங்கலாம். நிர்வாகத்தின் கையொப்பம் தேவையில்லை, சம்பள நிர்ணய சபை கூட வேண்டியதில்லை. 1984இல் துரைமாரிடம் போராடி வாங்கிய முழுப் பேரை, இப்போது நாமே நம் பிள்ளைக்குப் போட வேண்டும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

அடுத்து எந்த லயத்தில் பிள்ளை பிறந்தாலும், ஆணா பெண்ணா என்று கேட்கும் முன் "தாயும் பிள்ளையும் சொகமா?" என்று கேளுங்கள். அதற்கு அடுத்த கேள்வி "பதிஞ்சாச்சா?" என்றே இருக்கட்டும்.